பகடையில் ஒன்று விழுந்தால் பாக்கெட் தொலையும்

நெட்வொர்க்ஸ் பாட விடைத்தாள்களில் டிசிபி ஹெடர் படம் அநேகமாகப் பழுதில்லாமல் இருக்கும். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேலே 0 முதல் 31 வரை எண் குறித்து, சோர்ஸ் போர்ட், டெஸ்டினேஷன் போர்ட், சீக்வென்ஸ் நம்பர் என்று வரிசை தவறாமல் எழுதியிருப்பார்கள். முழு மதிப்பெண் போட்டே ஆகவேண்டும். அதே மாணவரை வைவாவில் நிறுத்தி, "இந்த சீக்வென்ஸ் நம்பர் இல்லேன்னா என்னப்பா கெட்டுப்போகும்?" என்று கேட்டால் பதில் வராது. படம் தெரியும், அது எதற்கு வந்தது என்று தெரியாது.

பாலிடெக்னிக்கில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியை நான். என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுடைய புத்தியில் எந்தக் குறையும் இல்லை. பாடத்தை நாம் தொடங்கும் இடத்தில்தான் கோளாறு. புரோட்டோகாலை விதிகளின் பட்டியலாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். அந்த விதிகளில் ஒவ்வொன்றும், என்றோ ஒருநாள் எங்கோ ஏதோ கெட்டுப்போனதற்காக, அல்லது கெட்டுப்போகும் என்று ஒருவர் முன்கூட்டியே கண்டுகொண்டதற்காக எழுதப்பட்டது. கெட்டதைக் காட்டாமல் விதியை மட்டும் கொடுத்தால் மனப்பாடம் செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால் நான் தயாரிக்கும் பாடப்பொருள் எதுவானாலும் ஒரு கோளாறில் தொடங்கும். விதி அப்புறம் வரும். அதன் பெயர் கடைசியில் வரும்.

எல்லாவற்றுக்கும் முதலில் நான் கையில் எடுப்பது சீட்டும் பகடையும். கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் முறை புதிதல்ல. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்ட்' பயிற்சிகளில், ஆரஞ்சுப் பழங்களைக் கைமாற்றி ரௌட்டிங்கையும் டெட்லாக்கையும் புரியவைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்தது. பெரிய பிள்ளைகளுக்கும் பொருந்தும். என்னுடைய சீட்டு விளையாட்டு டிசிபிக்காகச் செய்தது.

நான்கு பேர் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். ஒரு கோடியில் அனுப்புகிறவர், மறு கோடியில் பெறுகிறவர், நடுவில் இருவர் ரௌட்டர்கள். அனுப்புகிறவர் கையில் 20 இலக்க எண் ஒன்று, இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிய 10 சீட்டுகளில் இருக்கும். எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பழமொழியோ பாட்டோ கொடுத்தால், நடுவில் ஒரு சீட்டு விழுந்தாலும் பெறுகிறவர் தன் மனசிலிருந்து இட்டு நிரப்பிவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த வசதி கிடையாது. யாரும் பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. சீட்டு மட்டும்தான் நகரலாம். சீட்டு வரும்போதெல்லாம் ரௌட்டர் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் சீட்டைப் பக்கத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும், அது தொலைந்த பாக்கெட். 6 விழுந்தால் அடுத்த சீட்டு போன பிறகுதான் இதை அனுப்ப வேண்டும். மற்றபடி உடனே அடுத்தவர் கைக்கு.

முதல் ஆட்டத்தில் 20 இலக்கமும் சரியாகப் போய்ச் சேருவது அபூர்வம். ஒரு ரௌட்டரைத் தாண்ட 6-க்கு 5 வாய்ப்பு. இரண்டையும் தாண்ட 36-க்கு 25. பத்தில் ஏழு சீட்டு வந்தாலே நல்ல ஆட்டம். பெறுகிறவர் எழுதிய எண்ணையும் அனுப்பிய எண்ணையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, "சீட்டுல நீங்க என்ன வேணும்னாலும் மாத்திக்கலாம், ஆனா பேசக் கூடாது. எப்படிச் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று கூடச் சொல்வேன். யாராவது ஒருவர் சீட்டின் மூலையில் 1, 2, 3 என்று எழுதத் தொடங்குவார். இப்போது பெறுகிறவருக்கு நான்காவது சீட்டு வரவில்லை என்று தெரிகிறது. தெரிந்து என்ன பயன், அனுப்பியவருக்குத் தெரியாதே? "மேடம், பதில் சீட்டு அனுப்பலாமா?" அனுப்பலாம். ஆனால் பதில் சீட்டும் அதே ரௌட்டர்கள் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதற்கும் அதே பகடைதான். பதிலே தொலைந்துபோகிறது. அனுப்பியவர் காத்திருக்கிறார். எதிரில் பெறுகிறவரும் காத்திருக்கிறார். வகுப்பு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. பத்து எண்ணும்வரை பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பலாம் என்று ஒருவர் சொல்வார். சிலர் அவசரப்பட்டு ஐந்து எண்ணியதுமே அனுப்புவார்கள். ஒரே சீட்டு இரண்டு தடவை போய்ச் சேரும். பெறுகிறவர் மூலை எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஒவ்வொன்றாக அனுப்பிக் காத்திருப்பது ஆமை வேகமாக இருக்கிறதே என்று, பதிலுக்குக் காத்திராமல் மூன்று சீட்டைச் சேர்த்துத் தள்ளும் பிள்ளையும் எல்லா வகுப்பிலும் இருக்கும்.

சீக்வென்ஸ் நம்பர், அக்னாலட்ஜ்மென்ட், டைமர், மறு அனுப்பல், விண்டோ என்று எல்லாம் வந்துவிட்டது. ஒரு பெயரையும் நான் இன்னும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் ஹெடர் படத்தைத் திரையில் போடுவேன். "மேடம், இது நம்ம மூலை நம்பர்" என்று அவர்களே விரலை நீட்டுவார்கள். ஜான் போஸ்டல் தொகுத்து 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793-இல் இருக்கும் ஏற்பாட்டின் சாரத்தைத் தாங்களே ஒருமுறை கட்டிப்பார்த்த தெம்பு அவர்களுக்கு இருக்கும். அந்த ஆவணத்தின் இடத்தில் 2022-இல் ஆர்எஃப்சி 9293 வந்துவிட்டது. ஆனால் மூலை எண் மூலை எண்ணாகத்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டை எடுத்து நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளின் அடியில் 'விளையாட்டு வேறு, நிஜம் வேறு' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். விளையாட்டில் சீட்டுக்குத்தான் எண். நிஜ டிசிபியில் பைட்டுக்கு எண். விளையாட்டில் "5 வந்தது" என்று பதில் சொல்கிறோம்; டிசிபியோ "அடுத்து எனக்கு வரவேண்டியது இன்ன எண்" என்று சொல்கிறது. இதை அன்றே எழுதிப் போடாவிட்டால் பிறகு, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் எண்கள் 1460, 1460 என்று தாவுவதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். 1,500 பைட் ஈதர்நெட் அளவில் ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20 போக மிச்சம் 1,460 என்று கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தத் தாவலும் விளங்கிவிடும்.

இணைப்பைத் தொடங்க ஏன் மூன்று செய்தி, இரண்டு போதாதா என்ற கேள்விக்கும் சீட்டு உதவுகிறது. இதற்கான ஆட்டத்தில் அனுப்புகிறவர் முதலில் 'தொடங்கலாமா' என்ற சீட்டை அனுப்ப வேண்டும். முதல் ஆட்டத்தில் ரௌட்டரிடம் தேங்கிப்போன அப்படிப்பட்ட சீட்டு ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொள்வேன். அடுத்த ஆட்டம் முடிந்து எல்லாரும் ஓய்ந்திருக்கும்போது அதை நைசாகப் பெறுகிறவர் முன் வைப்பேன். இரண்டு செய்தி போதும் என்ற விதிப்படி அவர் "தொடங்கலாம்" என்று பதில் அனுப்பிவிட்டு, வராத விருந்தாளிக்கு இலை போட்டு உட்கார்ந்திருப்பார். அனுப்பியவர் திரும்ப உறுதி சொன்னால்தான் இணைப்பு என்று மூன்றாவது செய்தியை வகுப்பே கேட்டு வாங்கும். இந்த மூன்று அடி ஏற்பாட்டை 1975-இல் எழுதி வைத்தவர் ரே டாம்லின்சன். மின்னஞ்சல் முகவரியில் அட் குறியைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மறப்பதில்லை.

பாக்கெட்டைக் கடிதத்துக்கு ஒப்பிடும் தபால்காரர் உவமையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புத்தகத்திலும் அது இருக்கிறது. முதல் பத்து நிமிடத்துக்குச் சரி; அதற்குமேல் அது பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தப்பான தெருவுக்கு அழைத்துப்போகிறது. ஒவ்வொரு ரௌட்டரைத் தாண்டும்போதும் மேக் முகவரிகள் இரண்டும் மாறுகின்றன, ஐபி முகவரிகள் சாதாரணமாக மாறுவதில்லை என்பதை எந்தக் கடித உறையை வைத்தும் நேர்மையாக விளக்க முடியாது. உவமையை நீட்டிக்கொண்டே போவதைவிட உண்மையான பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவது மேல்.

கையில் என்றால் காகிதத்தில். ஓர் ஏஆர்பி கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் வயர்ஷார்க்கில் பிடித்து, அவற்றின் பைட்டுகளை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பேன். கூடவே நான்கு கலர் பென்சில். கேள்வியில் முதல் 6 பைட் யாருக்கு என்பது. எல்லாமே எஃப் என்று இருப்பதால் லேபில் இருக்கும் எல்லோருக்கும். அடுத்த 6 யாரிடமிருந்து. அப்புறம் 08 06, உள்ளே இருப்பது ஏஆர்பி என்ற அடையாளம். அதற்கடுத்து 00 01, 08 00, 06, 04: ஈதர்நெட், ஐபி, மேக் முகவரிக்கு 6 பைட், ஐபி முகவரிக்கு 4 பைட். டேவிட் பிளம்மர் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 826 இப்படி ஒரு பக்கத் தாளுக்குள் அடங்கிவிடுகிறது. திரையில் வயர்ஷார்க் எல்லாவற்றையும் பிரித்துப் பெயர் போட்டுக் காட்டிவிடும், பிள்ளைகள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பென்சில் பிடித்து ஒவ்வொரு பைட்டாக எண்ணும்போது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது.

இந்தத் தாளிலிருந்து வந்த கேள்வி ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். கடைசி பெஞ்சில் உட்காரும், வாயே திறக்காத ஒரு பையன். கேள்விப் பாக்கெட்டையும் பதில் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிவிட்டு எழுந்தான். "மேடம், கேள்வி 42 பைட்தான் இருக்கு. பதில் 60 இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? கடைசில வெறும் பூஜ்யமா வருது." அருமையான கேள்வி. ஈதர்நெட் ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது. தலைப்பு 14, ஏஆர்பி 28, ஆக 42. குறைகிற இடத்தை 18 பூஜ்யங்களால் நிரப்பி 60 ஆக்கி, கடைசியில் 4 பைட் சரிபார்ப்புச் சேர்த்தால் 64. நம் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் ஃபிரேமை, நெட்வொர்க் கார்டு அந்தப் பூஜ்யங்களைச் சேர்ப்பதற்கு முன்பே வயர்ஷார்க் பார்த்துவிடுகிறது, அதனால் 42. எதிரிலிருந்து வருவது கம்பியில் பயணம் செய்து வந்தது, அதனால் 60. சரிபார்ப்பு 4 பைட்டைக் கார்டு பெரும்பாலும் மேலே தருவதில்லை. மென்பொருளுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் எல்லைக்கோட்டை அந்தப் பையன் பைட் எண்ணித் தொட்டுவிட்டான். அந்த வேறுபாட்டை அன்றிலிருந்து தாளிலேயே ஒரு கேள்வியாக வைத்திருக்கிறேன்.

வயர்ஷார்க் பற்றி அறியாத ஆசிரியர் இன்று குறைவு. ஜெரால்டு கோம்ஸ் 1998-இல் ஈதெரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006-இல் பெயர் மாறியது, இலவசம். பிரச்சினை அதை எப்படி வகுப்பில் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. லேபில் 'கேப்சர்' பொத்தானை அமுக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். விண்டோஸ் தானாகவே பத்து இடத்தோடு பேசிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். ஆகவே கேப்சர் ஃபைலை நானே சமைத்துக் கொடுக்கிறேன். ஒரு பழைய கம்ப்யூட்டரில் தேவையற்றதையெல்லாம் நிறுத்தி, டிஎன்எஸ் கேஷை அழித்து, ஏஆர்பி அட்டவணையையும் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு வேலையைச் செய்து, முப்பது நாற்பது வரிக்குள் ஃபைலைச் சுருக்கிவிடுவேன். அழிக்காமல் விட்டால் டிஎன்எஸ் கேள்வியே போகாது. பாடத்தின் முதல் காட்சியே காணாமல் போய்விடும். இன்றைய தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்பதால் உள்ளடக்கம் தெரியாது. அதற்குப் பைதானில் ஒற்றை வரிக் கட்டளையில் கிளம்பும் சின்ன வெப் சர்வரை லேபுக்குள்ளேயே ஓட்டி, எச்டிடிபியைப் பச்சையாகக் காட்டலாம். அப்புறம் எச்டிடிபிஎஸ் ஃபைலைக் கொடுத்து, "இதுல எது தெரியுது, எது தெரியல?" என்று கேட்க வேண்டும். உள்ளே போன செய்தி தெரியாது, எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பெயர் பெரும்பாலும் தெரியும் என்று கண்டுபிடிப்பார்கள். பாதுகாப்புப் பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு. கல்லூரி வைஃபையில் அடுத்தவர்கள் போக்குவரத்தைப் பிடித்து வகுப்பில் காட்டுவது கூடவே கூடாது. ஃபைல் ஆசிரியர் தானே உருவாக்கியதாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு காட்ட வேண்டுமென்றால் பொய்யான பாஸ்வேர்டு. கருவியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே அதன் ஒழுக்கத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பின்னால் சொல்லிப் பயனில்லை.

பாக்கெட் டிரேசரையும் பயன்படுத்துகிறேன். பத்து ரௌட்டர் வாங்க எந்தப் பாலிடெக்னிக்கிலும் பணம் கிடையாது. அதில் பத்து என்ன, முப்பது ரௌட்டரும் வைக்கலாம். ஆனால் சிமுலேஷனில் உறைகள் அழகாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே அடுத்து அடுத்து என்று அமுக்குவதில் கற்பது குறைவு. நான் கொடுப்பது கெடுத்து வைத்த ஃபைல். ஒன்றில் சப்நெட் மாஸ்க் தப்பு, ஒன்றில் கேட்வே இல்லை, ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி. கூடவே ஒரு புகார்ச் சீட்டு, ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிற மொழியிலேயே: "பக்கத்து டேபிள் கம்ப்யூட்டருக்கு ஃபைல் போகுது, பிரின்டும் வருது, ஆனா நெட் மட்டும் வரல." கேட்வேயைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று பிடிக்கும் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் தலை குனிய மாட்டாது.

டிஹெச்சிபிக்கு நான் வைத்திருக்கும் பாடம் ஓர் அலுவலகத்தில் நேரில் பார்த்த கோளாறு. காலையில் பாதிப் பேருக்கு இன்டர்நெட் இல்லை. மீதிப் பேருக்கு ஒரு குறையும் இல்லை. போர்ட் பற்றாக்குறை என்று யாரோ வீட்டு வைஃபை ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் சொருகியிருந்தார்கள். அந்த ரௌட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. யார் முதலில் பதில் சொன்னார்களோ அவர்களிடம் முகவரி வாங்கிக்கொண்டது ஒவ்வொரு கம்ப்யூட்டரும். கல்லூரி நெட்வொர்க்கோடு இணைக்காத தனி ஸ்விட்ச் ஒன்றில் இதே கோளாறை நான் வேண்டுமென்றே உண்டாக்குகிறேன். வயர்ஷார்க்கில் ஒரு டிஸ்கவருக்கு இரண்டு ஆஃபர் வருவது கண்ணெதிரே தெரியும். புத்தகத்தில் யாரும் நின்று கேட்காத கேள்வி அப்போதுதான் எழும்: முகவரி கொடுக்க முன்வந்தவர் யார் என்று தெரிந்த பிறகும் ரிக்வெஸ்டை ஏன் எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்புகிறது? தேர்வு செய்யப்படாத சர்வர் தான் எடுத்துவைத்த முகவரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அதுதான் வழி. ஒரே ஒரு சர்வரை வைத்து நடத்தினால் இது எந்தக் காலத்திலும் விளங்காது.

நெரிசல் கட்டுப்பாட்டுக்கு வரலாறே கோளாறைக் கொடுத்திருக்கிறது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே போக்குவரத்து நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம். வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரை இந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது. இதை நான் கணக்காகக் கொடுக்கிறேன்: 2,000 எழுத்துள்ள ஒரு பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம்? 16,000 பிட், சாதாரண நாளில் அரை நொடி, அன்றைக்கு 400 நொடி. அதே பக்கத்தை அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு 400 கஜம் நடந்தால் ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இந்த விடையைத் தாங்களே போட்டுப் பார்த்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் விழுந்தது என்று அப்போது கேட்கலாம். தொலைந்ததை எல்லோரும் உடனுக்குடன் திருப்பி அனுப்ப, அதுவே நெரிசலைக் கூட்ட, இன்னும் தொலைய, இன்னும் அனுப்ப. பகடை விளையாட்டில் ஐந்து எண்ணியதுமே மறுபடி அனுப்பியவர் யார் என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

பகடைக்கு லினக்ஸில் பதிலி இருக்கிறது. நெட்எம் என்ற வசதியைக் கொண்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டரை நடுவில் வைத்து, நூற்றுக்கு ஒரு பாக்கெட்டைத் தொலைக்கவும் ஒவ்வொன்றையும் 100 மில்லிசெகண்ட் தாமதிக்கவும் சொல்லலாம். "ஒரு பர்சென்ட்தானே மேடம், டவுன்லோடு ஒரு பர்சென்ட் லேட்டாகும்" என்பார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் வேகம் மடமடவென்று சரியும். தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு டிசிபி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதை அதற்குப் பிறகு பத்து வரியில் சொன்னால் போதும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிள் 2002-இல் வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிசெகண்ட். அதற்குக் கீழே அந்த வழியில் பிங் வராது; எவ்வளவு பணம் கொடுத்த இணைப்பானாலும் வராது. சிங்கப்பூரில் இருக்கும் சர்வர் ஒன்றுக்குப் பிங் போட்டுப் பார்த்து, 32-க்கு மேல் எவ்வளவு, அந்தக் கூடுதல் எங்கே செலவானது என்று டிரேஸ்ரூட் வைத்துத் தேடுவது ஒரு முழு மதியத்துக்கான வேலை.

ஐபிக்கு எந்த ஊடகமானாலும் சரி என்று சொல்ல ஆர்எஃப்சி 1149 இருக்கிறது. 1990 ஏப்ரல் 1 அன்று வேடிக்கையாக வெளியான, புறாக்கள் மூலம் ஐபி அனுப்பும் ஆவணம். 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள்; 9 பிங் அனுப்பியதில் 4 திரும்பின. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட இலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படுவதில்லை. எத்தனை சதவீதம் தொலைந்தது, சராசரித் தாமதம் என்ன என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓஎஸ்ஐ ஏழு அடுக்கை நான் முதல் நாள் எழுதிப் போடுவதில்லை. சக ஆசிரியர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளியானது 1984-இல். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை விளக்குவதற்கு, ஓடாத ஒன்றின் படத்தை முதலில் மனப்பாடம் செய்யவைப்பது சரியில்லை என்பது என் தீர்மானமான கருத்து. நாலைந்து புரோட்டோகால்களைக் கையால் தொட்ட பிறகு, எது எந்த அடுக்கு என்று பிள்ளைகளே அடுக்கட்டும். அப்போது ஏஆர்பியை எங்கே வைப்பது என்று சண்டை வரும். வரவேண்டிய சண்டைதான்.

தாள்களை நான் தமிழில் எழுதுகிறேன். கலைச்சொற்களை மட்டும் நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் வடிவத்திலேயே விட்டுவிடுகிறேன். தேர்வு வினாத்தாள் இன்னமும் படம் வரையத்தான் சொல்கிறது. சீட்டு விளையாடிய பிள்ளைகளும் அந்தப் படத்தை நன்றாகவே வரைகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஹப் என்ற பழைய பெட்டி உங்கள் லேபின் கண்டம் பட்டியலில் இருந்தால் அதை ஏலத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு போர்ட்டில் வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் அந்தப் பெட்டியில், எந்த மூலையில் வயர்ஷார்க்கை வைத்தாலும் முழு உரையாடலும் தெரியும்; ஸ்விட்ச்சில் அதற்குப் போர்ட் மிரரிங் வசதியுள்ள விலை கூடிய மாடல் வேண்டும். ஹப்பைப் புதிதாகச் செய்கிறவர்கள் இன்று அநேகமாக இல்லை. நான் சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையில் கிளறித்தான் ஒன்று வாங்கினேன். இரண்டாவது, நீங்கள் தயாரித்த கேப்சர் ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைக்காதீர்கள். எந்த இயந்திரம், எந்தக் கோளாறு, எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, கூடவே வைத்து, பக்கத்துக் கல்லூரி ஆசிரியருக்குக் கொடுங்கள். ஒரு நல்ல ஃபைல் செய்ய அரை நாள் ஆகிறது. அதையே ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கத் தேவையில்லை.